நிலாமகளுக்கு வைத்த சுள்ளி

காட்டோரத்து ஏரியில் அஞ்சலை என்று ஒரு நீர்க்காகம் இருந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு. கழுத்து நீளம். தண்ணீருக்குள் மூழ்கி மீன் பிடிப்பாள். பிறகு கரையோரம் நின்ற பட்ட மரத்தில் உட்கார்ந்து, சிறகு இரண்டையும் விரித்துக் காயவைப்பாள். நீர்க்காகத்தின் சிறகு தண்ணீரில் ஊறிவிடும். காயவைக்காமல் சரியாகப் பறக்க முடியாது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அவள் சிறகு காயவைத்ததைக்கூட ஊர் சும்மா விடவில்லை.

அந்த ஏரியில் வருஷத்துக்கு ஒரு கூத்து உண்டு. மழைக்காலத்துக்கு முந்தின பௌர்ணமியில் நடக்கும். கதை எப்போதும் நிலாமகள் கதைதான். ஏரி வற்றிப்போன ஒரு காலத்தில் நிலாவின் மகள் கீழே இறங்கி வந்தாளாம். செத்துக் கிடந்த மீன்களைப் பார்த்து அழுதாளாம். அந்தக் கண்ணீரே ஊற்றாகி ஏரி நிரம்பியதாம். நிலாமகளை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவள் எப்படி இருப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும்!

கூத்துக்கு ஒரு வழக்கமும் உண்டு. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு சுள்ளி கொண்டுவர வேண்டும். கூத்து முடிந்ததும் அதை மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் போட வேண்டும். அவ்வளவு சுள்ளியும் நிலாமகள் வேஷம் கட்டியவருக்குச் சொந்தம். அதை வைத்து அந்த மழைக்காலத்துக்குக் கூடு கட்டிக்கொள்ளலாம்.

சுள்ளிதானே என்று நினைத்துவிடாதீர்கள். மழைக்கு முன்னால் மனிதர்கள் விறகு பொறுக்க வருவார்கள். காட்டில் ஒரு காய்ந்த குச்சிகூட மிச்சம் வைக்காமல் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ஏரிக்கரையில் இருப்பவர்கள் கூத்துக்கென்று ஒரே ஒரு சுள்ளியை வளையிலும் பொந்திலும் ஒளித்து வைத்திருப்பார்கள். அதற்கு மேல் யாரிடமும் கிடையாது.

பல வருஷமாக நிலாமகள் வேஷம் கட்டியது கொக்கு அக்கா. இந்த வருஷம் அவள் ஆமை வாத்தியாரிடம் வந்து சொல்லிவிட்டாள். கூத்தை நடத்துகிறவர் ஆமை வாத்தியார்தான்.

"வாத்தியாரே, என்னால முடியல. ஒத்தைக் கால்ல நின்னு நின்னு இடுப்பே பிடிச்சுக்கிச்சு. வேற யாரையாவது பாருங்க!"

வாத்தியார் ஒவ்வொருவரையும் அழுது காட்டச் சொன்னார். வாத்து அழுதபோது எல்லோரும் சிரித்தார்கள். மயில் அழவே இல்லை, தோகை கலைந்துவிடும் என்றாள். கடைசியாக அஞ்சலை வந்தாள். அவள் அழ ஆரம்பித்ததும் வாத்தியார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

"நீயே ஆடு தாயி" என்றார்.

அஞ்சலைக்கு அழக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. போன மழைக்காலத்தில் அவளுடைய கூடு காற்றில் பிய்ந்துபோனது. நாலு குச்சியில் கட்டிய கூடு எத்தனை காற்றைத் தாங்கும்? முட்டைகள் ஏரியில் விழுந்தன. அவளும் பின்னாலேயே மூழ்கித் தேடினாள். உடைந்த ஓடுதான் கிடைத்தது.

இந்த வருஷம் சுள்ளி கிடைத்தால் ஏரி நடுவே இருக்கும் கருவேல மரத்தில் கனமாக ஒரு கூடு கட்டலாம். எந்தக் காற்றுக்கும் அசையாத கூடு. அவள் வேண்டியது அவ்வளவுதான்.

இனிமேல் ஆள்காட்டியின் கதை வருகிறது. எனக்கே சொல்லச் சலிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் இல்லாமல் கதை நகராது.

ஏரிக்குச் செய்தி சொல்வது ஆள்காட்டிக் குருவியின் வேலை. நரி வந்தால் கூவுவான். பாம்பு வந்தால் கூவுவான். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. அந்த மாதம் நரியும் வரவில்லை, பாம்பும் வரவில்லை. அவன் வெறுமனே கரையில் நடந்தான். யாரும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்காத நாளில் ஆள்காட்டிக்குத் தீனி இறங்காது.

சேற்று வெடிப்புக்குள் தேரை அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். ஆள்காட்டி அவரைப் போய் எழுப்பினான்.

"அண்ணே, விஷயம் தெரியுமா?"

"என்னப்பா?"

"இந்த வருஷம் நிலாமகளா ஆடப்போறது யாரு தெரியுமா? நீர்க்காகம்!"

"அப்படியா."

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

தேரை அண்ணன் கொட்டாவி விட்டார். "எப்பவும் கொக்குதானேப்பா ஆடும்?" என்றார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆள்காட்டிக்கு அது போதும். ஏரிக்கு மேலே எழும்பிப் பறந்துகொண்டே கத்தினான்.

"நிலாமகளாக நீர்க்காகமா? ஏரி முழுக்கக் கொதிப்பு! தேரை அண்ணன் ஆவேசம்!"

ஏரிக்கு மேற்கே ஒரு பெரிய பாறை இருந்தது. யார் கத்தினாலும் அது திருப்பிக் கத்தும்.

"கொதிப்பு! ஆவேசம்!" என்றது பாறை.

ஆள்காட்டி நின்று காது கொடுத்துக் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது. "பாறைமேட்டிலும் கொதிப்பு!" என்று கத்தினான்.

"கொதிப்பு!" என்றது பாறை.

"கொதிப்பு பரவுகிறது!"

"பரவுகிறது!"

இப்படியே அந்தக் காலைப்பொழுது போயிற்று. அவனும் பாறையுமாகச் சேர்ந்து ஏரியைக் கொதிக்க வைத்துவிட்டார்கள்.

நண்டு வளையிலிருந்து எட்டிப் பார்த்தான். "யாருக்குப்பா கோபம்?" என்று அணிலைக் கேட்டான்.

"எனக்கில்ல. அந்தக் கரையில இருக்கிறவங்களுக்காம்" என்றாள் அணில்.

அந்தக் கரையில் இருந்தவர்களோ, "இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு என்ன இவ்வளவு கோபம்?" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆள்காட்டி கொக்கு அக்காவிடம் போனான்.

"அக்கா, உங்க இடத்தைப் பறிச்சுட்டாங்களே! எப்படி இருக்கு?"

"யாருடா பறிச்சா? நானா விட்டது. இடுப்பு வலிடா எனக்கு!"

"மனசு வலின்னு சொல்றீங்களா?"

"இடுப்புன்னு சொன்னேன்!" கொக்கு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மீன் பார்க்கப் போய்விட்டாள்.

"கொக்கு மௌனம்! சொல்ல முடியாத வலி!" என்று கத்திக்கொண்டு ஆள்காட்டி பறந்தான்.

அஞ்சலை அப்போதுதான் ஏரியிலிருந்து வெளியே வந்து, பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"எதிர்ப்பைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"எந்த எதிர்ப்பு?"

"உங்களுக்கு வந்திருக்கிற எதிர்ப்பு."

"எனக்குத் தெரியாதே. அழுகிற கட்டத்துல ஒரு இடம் இன்னும் சரியா வரல. அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். அதைப் பத்திக் கேளு, சொல்றேன்."

"அதை யாரு கேப்பா?" என்றான் ஆள்காட்டி. உடனே பறந்தான். "நீர்க்காகம் சிறகை விரித்து மௌனப் போராட்டம்!"

அதைக் கேட்டு ஏரிக்கரையே பட்ட மரத்தைப் பார்க்க வந்தது. அஞ்சலை இன்னும் ஈரம் காயாமல் அப்படியேதான் நின்றாள். "பார்த்தியா, அசையவே மாட்டேங்குறா! என்ன பிடிவாதம்!" என்றார்கள். அவளுக்குச் சிறகை மடக்கவும் வழியில்லை, விரித்து வைத்திருக்கவும் கூச்சமாக இருந்தது.

கூட்டத்தில் ஓர் ஓணான் நின்றான். நிமிஷத்துக்கொரு நிறமாக மாறுகிறவன். அவன் கழுத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு கத்தினான்.

"நிலா என்ன கலர், இவ என்ன கலர்? ஆடணும்னா உடம்பெல்லாம் சுண்ணாம்பு பூசிக்கிட்டு வரட்டும்!"

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஆள்காட்டி உண்டாக்கியதில்லை. அது அவர்களுக்குள்ளேயே இருந்தது. ஆனால் இத்தனை நாள் அதற்கு வெளியே வர வெட்கமாக இருந்தது. ஏரியே கொதிக்கிறது என்று கேள்விப்பட்டதும் வெட்கம் போய்விட்டது.

சிறகு காய்ந்ததும் அஞ்சலை நேரே ஒத்திகைக்குப் போனாள். 

"வாத்தியாரே, நான் வேண்டாம். வேற யாராவது ஆடட்டும்."

ஆமை வாத்தியார் அவளைப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "ஏம்ப்பா, கொக்கு ஆடினப்ப மஞ்சள் மூக்கும் கறுப்புக் காலுமா நின்னுச்சே. நிலாவுக்கு மூக்கும் காலும் எப்பப்பா முளைச்சுது? அப்ப எவனும் கேக்கலையே!" என்றார்.

கூட்டம் ஒரு நிமிஷம் யோசித்தது. "வாத்தியார் கொக்கை அவமதித்தார்!" என்று ஆள்காட்டி கத்தினான். யோசனை அத்தோடு முடிந்தது.

வாத்தியார் பெருமூச்சு விட்டார். "இவங்ககிட்டப் பேசி நம்மளால ஆகாது. வா தாயி, அந்த அழுகிற கட்டத்தை இன்னொரு தடவை பார்ப்போம்."

மறுநாள் அஞ்சலை ஒரு காரியம் செய்தாள். தன்மேல் கோபமாக இருப்பவர்களை நேரில் பார்த்துப் பேசிவிடுவோம் என்று கிளம்பினாள். கிழக்குக் கரைக்குப் போனாள். "நாங்க இல்லம்மா, மேற்குக் கரைதான்" என்றார்கள். மேற்குக் கரைக்குப் போனாள். "பாறைமேட்டுல போய்க் கேளு" என்றார்கள். பாறைமேட்டில் யாருமே இல்லை. "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். "இருக்கீங்களா?" என்று பாறை அவளையே கேட்டது.

கடைசியில் தேரை அண்ணனிடம் வந்தாள்.

"அண்ணே, நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

தேரை அண்ணன் பதறிப்போனார். "ஐயையோ, நான் ஒண்ணுமே சொல்லலம்மா! எப்பவும் கொக்குதானே ஆடும்னு கேட்டேன். தூக்கக் கலக்கத்துல கேட்டது. தூங்கி எந்திரிச்சா நான் எதிர்ப்பாளர்களுக்குத் தலைவராம்! முன்ன பின்ன தெரியாதவன்லாம் வந்து கும்பிடு போட்டுட்டுப் போறான்."

"இல்லைன்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னேனே! தேரை பின்வாங்கியது, யார் மிரட்டியதுன்னு அதையும் கத்திட்டான்."

"உங்களுக்கு நிஜமாவே கோபம் இல்லையே?"

தேரை அண்ணன் தயங்கினார். "முதல்ல இல்ல. இப்ப எல்லாரும் வந்து கேட்டுக்கேட்டு, எனக்கு இருக்கோன்னு எனக்கே சந்தேகமா இருக்கும்மா" என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாதவர்.

அஞ்சலைக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

அவள் நேரே ஆள்காட்டியிடம் போனாள்.

"ஏன் இப்படிச் செய்யுறே? என்மேல உனக்கு என்ன கோபம்?"

ஆள்காட்டிக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. "எனக்கா? சத்தியமா இல்ல! நீ ஆடறதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நான் நடுநிலைக்காரன். ரெண்டு பக்கத்தையும் சொல்லியாகணும்."

"ரெண்டாவது பக்கத்துல யாரு இருந்தா?"

"நான் சொன்னதுக்கப்புறம் வந்தாங்களே!" என்றான் அவன் பெருமையாக.

அஞ்சலை திரும்பிவிட்டாள்.

அதற்குள் அணில் ஓர் ஆதரவுக் கூட்டம் சேர்த்திருந்தாள். "அஞ்சலைதான் ஆடணும்! அஞ்சலை நம்ம பெருமை!" என்று கிழக்குக் கரையில் குதித்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் யாரும் ஒத்திகையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஓணானைத் திட்டவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. மேற்குக் கரையில் ஓணான் கூட்டம் அணிலைத் திட்டியது. "கொதிப்புக்கு எதிராகக் கொதிப்பு!" என்று ஆள்காட்டி இரண்டு கரைக்கும் நடுவே பறந்தான். அப்புறம் "எதிர்க்கொதிப்புக்கு எதிர்ப்பு!" என்றான். பாறைக்கே திருப்பிச் சொல்ல வாய் குழறியிருக்கும்.

அஞ்சலையின் பேர் எல்லார் வாயிலும் இருந்தது. அவளோடு பேசத்தான் யாருமில்லை.

பௌர்ணமி நெருங்கியது. கத்திக் கத்தி எல்லோருக்கும் அலுத்துப்போனது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அணில்கூடப் பழம் தேடப் போய்விட்டாள். ஆள்காட்டிக்குப் பயம் வந்துவிட்டது. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை தோன்றியது.

"எந்தப் பக்கம் கூட்டம் அதிகம்? ஏரி அறிய வேண்டாமா? ஆளுக்கொரு சுள்ளி! நீர்க்காகத்துக்கு ஆதரவு என்றால் கிழக்குக் கரையில் போடுங்கள்! எதிர்ப்பு என்றால் மேற்குக் கரையில் போடுங்கள்!"

அலுத்துப்போயிருந்த ஏரி துள்ளி எழுந்தது. வளையிலிருந்தும் பொந்திலிருந்தும் சுள்ளிகள் வெளியே வந்தன. அணில் தன் சுள்ளியை ஓடிப்போய்க் கிழக்கே போட்டாள். ஓணான் மேற்கே போட்டான். நண்டு கிழக்கே போட்டான் என்று தெரிந்ததும், நண்டோடு பேச்சுவார்த்தை இல்லாத நத்தை மேற்கே போட்டான். கீரி எந்தப் பக்கம் என்று புரியாமல், கூட்டம் எங்கே அதிகமோ அங்கே போட்டான். முயல் இரண்டு பக்கமும் போட ஆசைப்பட்டான். அவனிடமும் ஒரு சுள்ளிதான் இருந்தது.

அஞ்சலை ஓடி வந்தாள்.

"ஐயா! அது கூத்துக்கு வெச்ச சுள்ளி! இப்பப் போட்டுட்டா அன்னைக்கு என்ன போடுவீங்க? எனக்குக் கூடு கட்டணும்! போன வருஷம் என் முட்டை..."

ஆள்காட்டி அவளை முடிக்க விடவில்லை. "சுள்ளிக்கு ஆசைப்படும் நடிகை! அப்படியானால் கலைக்காக இல்லையா?" என்று கத்தினான்.

"இல்லையா? இல்லையா?" என்றது பாறை.

அணில் அவள் தோளைத் தட்டினாள். "நீ கவலைப்படாதே அஞ்சலை! உனக்காகத்தான் போடறோம்! நம்ம குவியல்தான் உசரம்!"

"அணிலு, பள்ளத்துல போட்டாத்தான் எனக்குச் சேரும், அந்தக் குவியல் வராதும்மா."

"வராட்டி என்ன? ஜெயிக்கப்போறது நீதானே!"

ஆமை வாத்தியாரும் வந்து தடுத்துப் பார்த்தார். அவர் நடந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் போட்டு முடித்துவிட்டார்கள். குவியல்களைத் தொடக் கூடாது, முடிவு கூத்துக்கு மறுநாள்தான் என்று ஆள்காட்டி அறிவித்துவிட்டான். இரண்டு கூட்டமும் அவற்றுக்குக் காவல் நின்றது.

இதில் ஒரு வேடிக்கை. ஆள்காட்டிக்குச் சுள்ளி எதற்குமே உதவாது. அவன் கூடு கட்டுகிற இனமில்லை. அவன் வீட்டில் முட்டையிடுவது வெறுந்தரையில், கூழாங்கல்லுக்கு நடுவே. மரக்கிளையில் உட்காரவும் அவனுக்கு வராது. இத்தனை நாள் பறக்காத நேரத்தில் தரையில் நின்றுதான் கத்திக்கொண்டிருந்தான். இப்போது ஏறி நிற்க உயரமாக இரண்டு இடம் கிடைத்தது. ஒரு நேரம் கிழக்குக் குவியலில் நின்று கத்தினான், ஒரு நேரம் மேற்குக் குவியலில். நடுநிலைக்காரன் அல்லவா!

பௌர்ணமி வந்தது. அந்தி சாய்ந்ததும் ஏரிக்கரையில் கூட்டம் நெரிந்தது. அதுவரை எந்தக் கூத்துக்கும் அத்தனை பேர் வந்ததில்லை. அஞ்சலை மேடைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். அவளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்த்தது. இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களே, பார்த்த பிறகு மனசு மாறாதா? யாராவது சிலரிடமாவது சுள்ளி மிச்சம் இருக்காதா?

கூத்து ஆரம்பித்தது. கிழக்குக் கரைக்காரர்கள் மேற்குக் கரைக்காரர்களின் முகத்தைப் பார்த்தார்கள், முகம் சுளிக்கிறார்களா என்று. மேற்குக் கரைக்காரர்கள் கிழக்குக் கரைக்காரர்களைப் பார்த்தார்கள், வேண்டுமென்றே கைதட்டுகிறார்களா என்று. கிழக்கே தட்டினால் மேற்கே உறுமினார்கள். மேற்கே உறுமினால் கிழக்கே இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஆள்காட்டி மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தையே பார்த்து நின்றான்.

அழுகிற கட்டம் வந்தது. செத்த மீன்களுக்காக நிலாமகள் அழ வேண்டும். அஞ்சலை செத்த மீன்களை நினைக்கவில்லை. உடைந்த ஓட்டை நினைத்தாள். ஏரிக்குள் மூழ்கினாள். மேடையை ஒட்டித் தண்ணீர் மட்டும் தளும்பிக்கொண்டிருந்தது. வெகுநேரம் யாருமில்லை. பிறகு மெதுவாகத் தலை தெரிந்தது. கழுத்து தெரிந்தது. வெளியே வந்து நின்று சிறகு இரண்டையும் விரித்தாள். அந்த ஈரச் சிறகெல்லாம் நிலா ஒட்டிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக அது ஏரிக்குள் விழுந்தது.

ஆமை வாத்தியார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

சரியாக அந்த நேரத்தில் ஆள்காட்டி கத்தினான். "மேற்குக் கரையில் ஒருவர் எழுந்து போகிறார்! வெளிநடப்பா?"

கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. எழுந்து போனது நத்தை. அவன் ஒன்றுக்குப் போனான். மெதுவாகத்தான் போனான், நத்தை அல்லவா! அவன் போய்ச் சேருகிற வரை எல்லோரும் அவனையே பார்த்தார்கள். திரும்பி மேடையைப் பார்த்தபோது அந்தக் கட்டம் முடிந்திருந்தது.

கூத்து முடிந்தது. ஆமை வாத்தியார் முன்னால் வந்து வழக்கம்போலக் கேட்டார்.

"ஆட்டம் பிடிச்சிருந்தா, கொண்டுவந்ததைப் பள்ளத்துல போட்டுட்டுப் போங்க ஐயா."

யாரும் அசையவில்லை.

"நான்தான் அன்னைக்கே போட்டுட்டேனே!" என்றாள் அணில். "கிழக்குக் குவியல்ல முதல் சுள்ளியே என்னதுதான்!"

"நானும் போட்டுட்டேன்" என்றான் நண்டு.

"ஆதரவுதானே கேட்டாங்க, குடுத்தாச்சே" என்றான் கீரி.

மேற்குக் கரைக்காரர்களிடமும் ஒன்றும் இல்லை.  ஓணான் மட்டும் யாருக்கும் கேட்காத குரலில், "பரவாயில்லாமத்தான் இருந்திருக்கும்போல" என்றான். அவனும் நத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்தது. போகும்போதும் யாருடைய குவியல் உயரம் என்ற பேச்சுதான். அஞ்சலை மேடையிலேயே நின்றாள். பள்ளம் வெறுமையாக இருந்தது.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து யாரோ தத்தித் தத்தி வந்தார்கள். தேரை அண்ணன். வாயில் ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டிருந்தார். அவரைவிடச் சுள்ளி நீளம். இரண்டு தடவை தடுக்கி விழுந்தார். பள்ளத்தின் விளிம்புக்கு வந்து அதை உள்ளே போட்டார்.

"அண்ணே! நீங்க போடலையா?"

"மேற்க போடுங்க, நீங்கதான் தலைவர்னு ஒரே பிடுங்கல். நான் இன்னும் கூத்தே பார்க்கலையே, பார்க்காம எப்படிப் போடறதுன்னு வெச்சிருந்தேன்." தேரை அண்ணன் மூச்சு வாங்கினார். "நீ தண்ணிக்குள்ள போனதும் எனக்குப் பயமாயிடுச்சும்மா. வராமப் போயிடுவியோன்னு. அப்புறம் வந்து நின்னே பாரு..."



"நல்லா இருந்துச்சும்மா" என்றார். அத்தனை நாளில் கூத்தைப் பற்றி அவளிடம் வெளியார் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. அஞ்சலை அழுதாள். அது நடிப்பில்லை.

விடிவதற்குள் மழை இறங்கியது. அடித்து ஊற்றியது. காட்டிலிருந்து வெள்ளம் பாய்ந்து ஏரிக்குள் வந்தது. முதலில் மேற்குக் குவியல் சரிந்தது. பிறகு கிழக்குக் குவியல். தண்ணீரில் விழுந்த பிறகு எது ஆதரவுச் சுள்ளி, எது எதிர்ப்புச் சுள்ளி என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் ஒன்றாகச் சுழன்று மதகு வழியாக வெளியே போயின.

மழை விட்டதும் ஆள்காட்டி அஞ்சலையைத் தேடிக்கொண்டு வந்தான். ஏறி நிற்க இடமில்லாமல் மறுபடியும் சேற்றில்தான் நின்றான். அவள் பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி! இவ்வளவு எதிர்ப்பையும் எப்படித் தாங்கிக்கிட்டீங்க?"

"நேத்து என் ஆட்டத்தைப் பார்த்தியா?" என்று அஞ்சலை கேட்டாள்.

"எங்க நேரம்? கூட்டத்தைப் பார்க்கவே சரியா இருந்துச்சு! நீங்க சொல்லுங்க, எதிர்ப்பு உங்களை எப்படி..."

அஞ்சலை குனிந்து, காலடியில் பத்திரமாக வைத்திருந்த ஒற்றைச் சுள்ளியை அலகில் எடுத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அது வெள்ளத்தில் விழுந்துவிடும். அவள் திறக்கவில்லை. ஏரி நடுவே இருந்த கருவேல மரத்தை நோக்கிப் பறந்தாள்.

"நீர்க்காகம் பதிலளிக்க மறுப்பு!" என்று ஆள்காட்டி கத்தினான்.

"மறுப்பு! மறுப்பு!" என்றது பாறை.

ஒரு சுள்ளியை வைத்துக் கூடு கட்ட முடியாது. அவள் அதைக் கருவேலங்கிளையின் கவட்டையில் குறுக்காக வைத்தாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்த மழைக்காலத்தில் அவள் முட்டையிடவில்லை.

ஒருவரின் ஆட்டத்தைப் பார்க்காமல் அவரைச் சுற்றி நடக்கும் சண்டையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், எந்தக் கரையில் நின்றாலும், அவருக்குச் சேர வேண்டியதைத்தான் வீணாக்குகிறார்கள்.